மழைக்கு ஆகாத ஷூ

“கடைக்கு வருகிறவனைத் திருப்பி அனுப்புவதற்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறேன்” என்று எங்கள் சேட் பாயைப் பற்றிச் சொல்வார். சேட் குஜராத்திக்காரர். இந்தியில்தான் சொல்வார். பாதி வேடிக்கை, பாதி எரிச்சல். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்து வைப்பேன்.

மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் இருந்தது அந்தச் செருப்புக் கடை. அறுபதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே ஆறு வருஷமாக விற்பனையாளனாக இருந்தேன். பாய் எனக்குப் பின்னால் சேர்ந்தவர், ஆனால் என்னைவிடப் பத்து வயது பெரியவர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். தாராவியில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தார். கடையில் எல்லோருக்கும் அவர் பாய். என்னை அவர் ‘சாமி’ என்பார். “அதெல்லாம் வேண்டாம் பாய், பேரைச் சொல்லியே கூப்பிடுங்கோ” என்று பல தடவை சொன்னேன். “சரி சாமி” என்பார்.

எங்களிடம் வருவதற்கு முன் தாராவியில் ஒரு தோல் பதனிடும் கொட்டகையில் இருந்தார். அதன் பிறகு இரண்டு கடைகளில். இரண்டிலும் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று சேட் கேட்டபோது, “ஷூவைப் பத்தி உள்ளதைச் சொன்னேன், அதனால” என்றாராம். சேட் விழுந்து விழுந்து சிரித்து அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். இப்படி ஒரு ஆள் கடையில் இருந்தால் பெயர் கிடைக்கும் என்று நினைத்திருப்பார். பெயர் கிடைத்தது, அதில் சந்தேகமில்லை. ஓட்டப் பந்தயக்காரர்கள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், ஹாக்கி ஆடுகிற பையன்கள் எல்லாம் தேடி வருவார்கள். வந்து, “பாய் எங்கே?” என்பார்கள். ஆறு வருஷம் நின்ற என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

ஓடுவதற்கு ஷூ வேண்டும் என்று காலையில் வந்தால் அவர் எடுத்துக் காட்டவே மாட்டார்.

“சாயங்காலம் வாங்க. காலையில பாதம் சுருங்கிக் கெடக்கும். இப்ப அளவெடுத்தா ரெண்டு மைல் ஓடுனதும் கடிக்க ஆரம்பிச்சிரும்.”

வந்தவர் தாதரிலோ பைகுல்லாவிலோ இருந்து வந்திருப்பார். முனகிக்கொண்டே போவார். பாதிப் பேர் சாயங்காலம் திரும்பி வருவார்கள். மீதிப் பேர் வேறு கடையில் வாங்கிக்கொள்வார்கள். சேட் கல்லாவிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் வந்தவருக்கும் சீக்கிரம் விடுதலை கிடையாது. இரண்டு காலிலும் போட வேண்டும். ஒரு கால் இன்னொரு காலைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும் என்பார். எழுந்து நிற்கச் சொல்லி, முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெருவிரல் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் நடுவில் தன் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். இடம் இல்லையென்றால், “எறக்கத்துல ஓடும்போது நகம் முட்டிக் கருத்துப் போகும்” என்று கழற்றிவிடுவார். ஷூவை இரண்டு கையாலும் பிடித்து வளைப்பார். விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால், “இது ஷூ இல்ல, அட்டைப் பொட்டி.” குதிகால் பக்கத்தைக் கிள்ளிப் பார்ப்பார். துணியும் ரப்பரும் ஒட்டுகிற விளிம்பில் நகத்தை விட்டுப் பிரித்துப் பார்ப்பார்.

கடைசியாகத் தண்ணீர். கடை வாசலில் ஒரு கருங்கல் படி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றி, ஷூ போட்டவரை அதில் நிற்க வைத்து, “காலை முன்னால தள்ளுங்க, நல்லா அழுத்தித் தள்ளுங்க” என்பார். வழுக்கினால் அந்த ஜோடி பெட்டிக்குள் திரும்பிப் போய்விடும்.

அவர் கேட்பது மூன்றே கேள்விதான். கடிக்குதா? தரையைப் பிடிக்குதா? உழைக்குமா? ஒரு தடவை ஒரு கல்லூரிப் பையன் அவரை மடக்கினான். “மூணும் சேர்ந்து கிடைக்கலேன்னா எதை விடறது பாய்?”

“உழைக்கிறதை விட்ருங்க தம்பி. ஷூ கிழிஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கிடலாம்.”

“அப்புறம்?”

“கடிக்கிறதையும் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிடலாம். பிடிப்பை மட்டும் விடக் கூடாது. விழுந்தா விழுந்ததுதான்.”

என் விஷயத்திலும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. என் கல்யாணத்துக்கு எங்கள் கடையிலேயே ஒரு ஜோடி தோல் செருப்பு எடுத்திருந்தேன். மறுநாள் கடைக்குப் போட்டுக்கொண்டு போனேன். எல்லோரும் கை கொடுத்தார்கள். அவர் கீழே பார்த்துவிட்டு, “ஆறு மாசம் வராது சாமி” என்றார். நாலு மாதத்தில் வார் அறுந்தது. சொன்ன அன்றைக்கும் கோபம் வந்தது, அறுந்த அன்றைக்கும் கோபம் வந்தது. எது பெரிய கோபம் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார். விளையாட்டு விழாவுக்காக நாற்பது ஜோடி கான்வாஸ் ஷூ வேண்டும். சேட் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அவரை வரவேற்றார். டீ சொன்னார். ஆசிரியர் ஒரு ஜோடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாய் பக்கம் திரும்பி, “எப்படி?” என்று மட்டும் கேட்டார்.

“பார்க்க நல்லாருக்கு. பிள்ளைங்க ஓடுனா அடி பிஞ்சிரும். பசை சரியில்ல” என்றார் பாய்.

டீ வருவதற்கு முன்னால் ஆசிரியர் போய்விட்டார். வந்த டீயைச் சேட் குடிக்கவில்லை. அன்று கடை மூடும்போது பாயைக் கூப்பிட்டு, கத்தாமல், ரொம்ப நிதானமாகச் சொன்னார். “பாய், நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. வாயைத் திறக்காதே என்கிறேன். இன்னொரு தடவை இப்படி ஆனால், நீ வேறு இடம் பார்த்துக்கொள்.”

பாய் தலையாட்டினார். அவருடைய பெரிய பெண்ணுக்கு அந்த வருஷம் மூச்சிரைப்பு அதிகமாகியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வேலைக்கு வருவார். மூன்றாவதாக ஒரு கடையிலிருந்தும் வெளியேற அவரால் அப்போது முடியாது. அது எனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நானும் என் பங்குக்குச் சொன்னேன். “கண்டுக்காம இருங்கோ பாய். வாங்கறவனுக்கும் கண்ணு இருக்கோல்லியோ?”

“கண்ணு இருந்து என்ன சாமி? அடியில என்ன ரப்பர்னு கண்ணுக்கா தெரியும்?” என்றார்.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புதுச் சரக்கு வந்தது. ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் செய்த வெள்ளைக் கான்வாஸ் ஷூ. மேலே பால் மாதிரி வெளுப்பு. அடியில் பழைய ரப்பரை உருக்கி ஊற்றிய, கல் போன்ற கெட்டி அடி. அதில் கோடு கோடாகப் போட்டிருந்த வரி நகத்தால் கீறினது போல ஆழமில்லாமல் இருந்தது. பாய் ஒரு ஜோடியைத் தானே போட்டுக்கொண்டு, படியில் தண்ணீர் ஊற்றி நின்றார். கால் சர்ரென்று போனது. கதவைப் பிடித்துக்கொண்டார்.

“மழைக்கு ஆகாது” என்றார் என்னிடம், சேட்டுக்குக் கேட்காதபடி.

நான் அந்த ஷூவைத் தினமும் நாலைந்து ஜோடி விற்றேன். யாரும் மழையைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் அந்தப் பெட்டிகள் பக்கமே போகாமல் மற்றதை விற்றுக்கொண்டிருந்தார். இப்படியே ஓடியிருக்கும்.

ஜூலையில் ஒரு சாயங்காலம், நல்ல மழை. ஒருவன் குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். நல்ல உயரம். வாசலிலேயே நின்று தலையைத் துவட்டிக்கொண்டு, “இங்க பாய்னு ஒருத்தர்…” என்றான். பேச்சிலேயே தெற்கத்திக்காரன் என்று தெரிந்தது.

பாய் முன்னால் வந்தார். அவன் கும்பிட்டான். “எங்க லைன் வீட்டுல ஒருத்தர் சொன்னாரு. ஓடுறதுக்கு ஷூ வாங்கணும்னா மாட்டுங்கா போ, அங்க ஒரு பாய் இருக்காரு, அவர் சொன்னா சரியா இருக்கும்னாரு.”

செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் தினக்கூலியாக இருந்தான். அங்கேயே தீயணைப்புப் பிரிவில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நாலு நாளில் பரீட்சை. தொழிற்சாலையைச் சுற்றி ஐந்து சுற்று ஓட வேண்டும். அதில் முந்துகிற ஆறு பேருக்கு வேலை. வெறுங்காலோடு ஓடக் கூடாது, ஷூ கட்டாயம். இவன் அதுவரை ஷூவே போட்டதில்லை. கல்யாணமாகி, கைக்குழந்தையும் இருந்தது.

பாய் அளவுப் பலகையில் அவன் காலை வைத்துப் பார்த்தார். பதினோராம் நம்பர். எங்களிடம் நல்ல ஷூக்கள் பத்தோடு முடிந்துவிட்டன. பாய் மேல் பரணில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறினார். அவர் மேலே பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது அவன் என்னோடு பேசிக்கொண்டிருந்தான். செம்பூரில் எங்கே என்று கேட்டேன். சும்மா, பேச்சுக்குக் கேட்டதுதான். ஸ்டேஷனிலிருந்து இறங்கிக் கிழக்கே போனால் ஒரு மாவு மில், அதற்குப் பின்னால் தகரக் கூரை லைன், மூன்றாவது கதவு என்றான். வாசலில் ஒரு முருங்கை மரம் நிற்கும் என்றுகூடச் சொன்னான்.

பாய் வெறுங்கையோடு இறங்கினார். சேட் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். “அந்த வெள்ளையில் பதினொன்று இருக்கிறதே?”

பாய் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தார். சேட்டே எழுந்து வந்து பெட்டியைத் திறந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். அவன் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தான். முகம் மலர்ந்துபோயிற்று. “கடிக்கவே இல்ல பாய். பஞ்சு மாதிரி இருக்கு.” பிறகு வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்துவிட்டுக் கேட்டான். “ஓடுற அன்னைக்கும் மழை இருக்கும். இது வழுக்குமா பாய்?”

பாய் சேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கீழே கிடந்த காகிதத்தைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.

“போட்டுக்கிடலாம்” என்றார் பாய்.

அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைச் சட்டைக்குள் வைத்து மறைத்துக்கொண்டு மழையில் ஓடினான்.

மறுநாள் காலை பாய் எனக்கு முன்னால் வந்து கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்து கிடந்தது. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பதினோராம் நம்பருக்கு வெட்டிய இரண்டு ரப்பர் அடிகள். மிருதுவான, நல்ல கறுப்பு ரப்பர். ஆழமாக வரி வெட்டியிருந்தது. அவரே உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்.

“அவன் ஷூவை வாங்கிட்டு வந்து அடியை மாத்திக் குடுத்துருதேன் சாமி. ஒரு ராத்திரி வேலைதான். சேட்டுக்குத் தெரிய வேண்டாம். அவன் எங்க இருக்கான்னு உங்ககிட்ட ஏதும் சொன்னானா?”

“செம்பூர்னுதான் சொன்னான்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். சேட்டுக்குத் தெரிந்தால் என் வேலைக்கும் ஆபத்து என்று பயந்தது உண்மை. ஆனால் பயம் மட்டும் இல்லை. அதே ஷூவை நான் தினமும் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. இவர் ஒரு ஜோடி விற்றுவிட்டுக் கண் சிவந்து வந்து நிற்கிறார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவை இவரும் எங்களைப் போல இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. அவன் விழுவான் என்று நான் நினைக்கவில்லை. அத்தனை பேர் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கவில்லையா?

மூன்று சாயங்காலம் அவர் செம்பூருக்குப் போனார். கடை மூடியதும் அந்தத் துணிப்பையோடு குர்லாவில் வண்டி மாறிப் போவார். பில்லில் பெயர் கிடையாது. தொழிற்சாலைப் பெயரையும் அவன் சொல்லவில்லை. செம்பூரில் தொழிற்சாலைகளுக்கா பஞ்சம்? ‘ஒசரமான ஆளு, பெரிய பாதம், திருநெல்வேலிப் பேச்சு’ என்று லைன் லைனாக விசாரித்திருக்கிறார். மறுநாள் காலை நனைந்த சட்டை காயாமல் வருவார். “இன்னைக்கு மேற்குப் பக்கம் பூரா பாத்துட்டேன் சாமி. இல்ல” என்பார். நான் “அடடா” என்பேன். மூன்று காலையும் மூன்று தடவை ‘அடடா’ சொன்னேன். நாலாம் நாள் பரீட்சை. அன்று பாய் பையைக் கொண்டுவரவில்லை.

பதினைந்து இருபது நாள் கழித்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கடைக்குள் வந்தாள். கையில் எங்கள் கடைப் பெட்டி. என் முன்னால்தான் வைத்தாள்.

“இது ஒரு நாளுதான் போட்டது. மாத்திக் குடுப்பியளா? எனக்கு ஒரு செருப்பு குடுத்தாப் போதும்.”

திறந்து பார்த்தேன். பதினோராம் நம்பர். கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து, நாடாவைக்கூடச் சுற்றி வைத்திருந்தாள். பாய் பின்னாலிருந்து வந்து ஒரு ஷூவை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார்.

“அவருக்கு என்னாச்சும்மா?”

“மூணாவது சுத்துல விழுந்துட்டாவ. சிமெண்ட் தரை, மழைத்தண்ணி. முட்டி பேந்து போச்சு. அஞ்சாறு பேருக்கு முன்னால போய்ட்டிருந்தாவளாம். கால் இனி மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கூலி வேலைக்கும் போக முடியல.” அழாமல், ஒப்பிப்பது போல, சொல்லி முடித்தாள்.

சேட் கல்லாவிலிருந்தபடியே, போட்ட ஷூவை மாற்றித் தருவதில்லை என்றார். இந்தி அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. பாயைப் பார்த்தாள்.

பாய் சொன்னார். “இந்த ஷூ மழையில வழுக்கும்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன் மாப்பிள்ளைக்குக் குடுத்தேன். அவன் கேட்டான். நான் சொல்லல.” பிறகு சேட்டுக்காக அதையே இந்தியில் இன்னொரு தடவை சொன்னார். கடையில் வேறு மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்ப மாத்திக் குடுப்பியளா, மாட்டியளா?” என்றாள்.

சேட் எழுந்து வந்து, தானே ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து அவள் முன்னால் போட்டார். அவள் அதை மாட்டிக்கொண்டு போனாள். பாயிடம் சேட், “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றார். பாய் அந்த வெள்ளை ஷூவைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டார். வீட்டைக் காட்டு என்று கேட்கப் போயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அவர் போன பிறகும் சிலர் வந்து, “பாய் எங்கே?” என்று கேட்டார்கள். போய்விட்டார் என்றோம். அந்த வெள்ளைச் சரக்கு தீபாவளிக்குள் விற்றுத் தீர்ந்தது. கடைசி ஜோடியை விற்றது நான்தான்.

அவரைப் பார்க்கத் தாராவிக்கு நான் போனது அடுத்த கோடையில். எதற்குப் போனேன் என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. தகரம் வேய்ந்த ஒரு சின்னப் பட்டறையில், தெரிந்த ஒருவருக்குக் கூலிக்குச் செருப்பு அடி வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பசை நாற்றமும் சூடும். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ரொம்ப இளைத்திருந்தார்.

“பொண்ணு எப்படி இருக்கா பாய்?”

“இருக்கா சாமி. வெயில் காலத்துல பரவால்ல.”

வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போகிறாராம். விழுந்தவனுக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. அந்தக் காலுக்கு உயரமாக அடி வைத்து இவர் ஒரு ஷூ செய்து கொடுத்திருந்தார். அவன் போட்டுப் பார்த்துவிட்டு, “கடிக்குது” என்றான். திரும்பக் கொண்டுவந்து பிரித்து, இளக்கி, மறுபடி தைத்துக் கொண்டுபோனார். மறுபடி, “கடிக்குது.” நாலு தடவை ஆகிவிட்டது.

“கடிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல சாமி. நான் கைவிட்டுப் பாத்துட்டேன்” என்று சொல்லி, கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “அவனுக்கு என் மேல உள்ள வெறுப்பு அது. இருக்கட்டும். ஒண்ணுதான் தாங்கல. உன்னைத் தேடி மூணு நாள் இங்க வந்தேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கான். ‘எங்க லைன் தெரியாமப் போச்சோ? கடையிலயே நான் சொன்னேனே, முருங்க மரம் வரைக்கும் சொன்னேனே’ன்னு கேக்கான். எங்கிட்ட அவன் சொல்லவே இல்ல சாமி. நான் பொய் சொல்லுதேன்னு அவனுக்கு நெனப்பு.”

ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். “எங்கிட்டதான் சொன்னான் பாய். நீங்க பரண் மேல இருந்தப்போ. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்டி வைத்த அடிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கி முடித்து, கலைத்து, மறுபடி அடுக்கினார். வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு மராட்டியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்ததும்தான் என் பக்கம் திரும்பினார்.

“வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். அவன்கிட்ட மட்டும் வந்து சொல்லிருங்க” என்றார். “ஞாயித்துக்கெழமை ஒம்பது மணிக்கு செம்பூர் டேசன்ல நிக்கேன். அஞ்சு நிமிசம் போதும். மூணு நாளு இந்த ஆள் தேடினது நெசந்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் நம்புவான்.”

“வரேன் பாய்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று மனைவி கேட்டதற்கு ஒரு நண்பரைப் பார்க்க என்றேன். குர்லாவில் மாறி, மான்கூர்ட் போகிற வண்டியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இறங்குவேன் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக.

செம்பூரில் வண்டி நின்றது. அவர் பிளாட்பாரத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். சலவை செய்த சட்டை, தலையில் தொப்பி, அக்குளில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். ஐந்தாம் தடவை தைத்த ஷூவாக இருக்கும். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வாசல் வரை வந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னாலிருந்த ஒரு ஆள் என்னை இடித்துக்கொண்டு இறங்கினான். குழந்தையோடு கடைக்கு வந்த அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன் என்னை நிமிர்ந்து பார்ப்பது கண்முன்னே வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

கடைசி ஸ்டேஷனான மான்கூர்டிலும் இறங்கவில்லை. அதே பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து அந்த வண்டியே திரும்பியது. செம்பூரில் இந்தத் தடவை எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றது. நடுவில் இரண்டு தண்டவாளம். அந்தப் பக்கம் கூட்டம் எல்லாம் போய்விட்டிருந்தது. அவர் மட்டும் அதே இடத்தில் நின்று, குர்லா பக்கத்திலிருந்து வரப்போகிற அடுத்த வண்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் ஜன்னல் பலகையைக் கீழே இழுத்து விட்டேன்.